பை செக்‌ஷனைக் கூட்டக் கூட ஓவர்ஷூட் குறையவில்லையே? 300 கிமீ லைன், டைம் டொமைன் சிமுலேஷன்

படிநிலை கேட்டது:

வணக்கம். 400 கிலோவோல்ட், 50 ஹெர்ட்ஸ், 300 கிமீ நீள ஓவர்ஹெட் லைன். மறுமுனை திறந்திருக்கும் நிலையில் பிரேக்கரை மூடினால் அங்கே எவ்வளவு வோல்டேஜ் ஏறும் என்று பார்க்க வேண்டும். முதலில் ஒரே ஃபேஸாக, பாசிட்டிவ் சீக்வென்ஸ் (மூன்று ஃபேஸும் சமநிலையில் இயங்கும்போதுள்ள) அளவுகளை மட்டும் போட்டு ஓட்டுகிறேன்: கிமீக்கு 0.03 ஓம், 1.0 மில்லி ஹென்றி, 12 நானோ ஃபாரட். மூன்று ஃபேஸிலும் ஒன்றாக ஓடி மண் வழியே திரும்பும் கரண்டுக்கான ஜீரோ சீக்வென்ஸ் அளவுகளும் இருக்கின்றன (0.25 ஓம், 3.0 மில்லி ஹென்றி, 8 நானோ ஃபாரட்). அவற்றை இன்னும் தொடவில்லை. சோர்ஸ் ஐடியல், வோல்டேஜ் உச்சத்தில் இருக்கும்போது மூடுகிறேன். டிராபிசாய்டல் (எண்வழித் தொகையிடல்) முறை, டைம் ஸ்டெப் 10 மைக்ரோ செகண்ட்.

மூன்று சிக்கல்கள்.

ஒன்று, லைனை 12 பை செக்‌ஷனாகப் பிரித்தால் (ஒவ்வொன்றும் நடுவில் ஒரு இண்டக்டர், இரு பக்கமும் கெப்பாசிட்டர்) மறுமுனையில் முதல் உச்சம் 2.4 பெர் யூனிட்டை (சோர்ஸ் உச்சம் = 1) தாண்டுகிறது, அதன் பின்னால் ரிங்கிங். செக்‌ஷன் போதவில்லை என்று நினைத்து 24, 48 ஆக்கி, டைம் ஸ்டெப்பையும் 1 மைக்ரோ செகண்டுக்கு இறக்கினேன். உச்சம் குறையவில்லை, இம்மி ஏறவே செய்கிறது. ரிங்கிங் மட்டும் வேகமாகிறது. 50 ஹெர்ட்ஸ் நிலைத்த நிலையில் மறுமுனை வோல்டேஜ் 1.056 என்று சரியாகத்தான் வருகிறது.

இரண்டு, பிரேக்கர் கரண்ட் ஒவ்வொரு ஸ்டெப்பிலும் பிளஸ், மைனஸ் என்று மாறி மாறி ஆயிரக்கணக்கான ஆம்பியருக்குக் குதிக்கிறது.

மூன்று, பெர்ஜரான் மாடலை (லைனைப் பயண நேரத் தாமதமாகக் கணக்கிடுவது) நானே எழுதிப் பார்த்தேன். அலை மறுமுனைக்கு வரவே இல்லை. ரெடிமேட் புரோகிராமின் பெர்ஜரானில் வருகிறது. ஆனால் டைம் ஸ்டெப்பை 50 மைக்ரோ செகண்டுக்கு மாற்றினால் வந்துசேரும் நேரம் தள்ளிப்போகிறது.

---

எதிரலை எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் பதில். உங்கள் ரிங்கிங் லைனுடையது அல்ல, பைகளை வரிசையாக அடுக்கிய ஏணியுடையது. செக்‌ஷனைக் கூட்டி அதை ஒழிக்க முடியாது.

25 கிமீ செக்‌ஷன் ஒன்றில் 25 மில்லி ஹென்றி, 300 நானோ ஃபாரட். இந்த ஏணி ஒரு லோ-பாஸ் ஃபில்டர். கட்-ஆஃப் 1 ÷ (பை × √(இண்டக்டன்ஸ் × கெப்பாசிட்டன்ஸ்)), அதாவது 3.68 கிலோ ஹெர்ட்ஸ். அதற்கு மேல் எதுவும் கடந்துபோகாது. அதற்குக் கீழேயும் எல்லா அதிர்வெண்ணும் ஒரே வேகத்தில் போவதில்லை; கட்-ஆஃபை நெருங்க நெருங்க வேகம் குறைகிறது. நிஜ லைனில் செங்குத்தாக வந்து நிற்க வேண்டிய அலைமுகம் ஏணியில் சாய்ந்து வருகிறது, பின்தங்கிய உயர் அதிர்வெண்கள் அதற்குப் பின்னால் வாலாக இழுபடுகின்றன. அந்த வால் தொடக்கத்தில் மெதுவாக ஆடும், போகப் போக வேகமெடுத்துக் கட்-ஆஃபை எட்டும். உங்கள் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், அடுத்தடுத்த உச்சங்களின் இடைவெளி சுருங்கிக்கொண்டே போகும்.

உச்சம் ஏன் குறையவில்லை? இழப்பில்லாத ஏணியில் ஸ்டெப் அலைக்கு வரும் ஓவர்ஷூட், 12 செக்‌ஷனுக்கு 23 சதவீதம். எண்ணிக்கையைக் கூட்டினால் அது பூஜ்யத்தை நோக்கிப் போகாது, 27 சதவீதத்தை நோக்கிப் போகும். திறந்த முனையில் இரட்டித்தால் 2.47, எல்லை 2.55. உங்கள் 9 ஓம் ரெசிஸ்டன்ஸ் இதில் ஒன்றரை சதவீதம் தின்றுவிடும், மிச்சம்தான் நீங்கள் பார்க்கும் 2.4 சொச்சம். செக்‌ஷனைக் கூட்டினால் குறைவது உச்சத்தின் அகலம்தான். அதுவும் எண்ணிக்கையின் மூன்றில் இரண்டு படியில்தான் குறையும்; 12ஐ 48 ஆக்கினால் அகலம் கால்பங்காக ஆகாது, 40 சதவீதமாகத்தான் ஆகும்.

சரிபார்க்க ஒரு வழி. லைனின் பயண நேரம் 1,039 மைக்ரோ செகண்ட். உங்கள் 12 செக்‌ஷன் ஓட்டத்தில் முதல் உச்சம் 1,290ஐ ஒட்டி இருக்கும். 250 மைக்ரோ செகண்ட் தாமதமாக வரும் உச்சத்துக்கு நிஜ லைனில் எந்தக் காரணமும் இல்லை.

50 ஹெர்ட்ஸில் சரியாக வருகிறது என்பதை வைத்து நிம்மதி அடைய வேண்டாம். முழு 300 கிமீயையும் ஒரே ஒரு பையாகப் போட்டாலும் 1.056தான் வரும். இந்த ஃபெராண்டி ஏற்றம் (திறந்த முனையில் நிலைத்த வோல்டேஜ் கூடுவது) மாடலின் டிரான்சியன்ட் தரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

ஏணியை எதுவரை நம்பலாம் என்பதற்குப் புழக்கத்தில் உள்ள கணக்கு: செக்‌ஷன் எண்ணிக்கை × அலைவேகம் ÷ (8 × நீளம்). உங்களுக்கு 12 × 2,88,675 ÷ 2,400, சுமார் 1.44 கிலோ ஹெர்ட்ஸ். ஹார்மோனிக் ஆய்வு, மெதுவான ரெசொனன்ஸ் என்றால் போதும். பிரேக்கர் மூடும் அலைமுகத்துக்குப் போதாது. ஒவ்வொரு இண்டக்டருக்கும் பேரலல் ரெசிஸ்டர் போட்டு ரிங்கிங்கை அமுக்குபவர்களும் உண்டு. வரைபடம் அழகாகும், ஆனால் நீங்கள் அளக்க வந்த அதிர்வெண்களிலும் இல்லாத இழப்பு நுழைந்துவிடும். அதைவிட மாடலை மாற்றுவது மேல்.

---

நார்ட்டன் எழுதியது:

இரண்டாவதும் மூன்றாவதும்.

பிரேக்கர் கரண்ட் குதிப்பது வேறு கதை. முதல் பையின் அனுப்புமுனைக் கெப்பாசிட்டர் (300இல் பாதி, 150 நானோ ஃபாரட்) ஐடியல் சோர்ஸோடு நேரடியாக ஒட்டிக்கொள்கிறது. டிராபிசாய்டலில் கெப்பாசிட்டர் கரண்ட் என்பது 2 × கெப்பாசிட்டன்ஸ் ÷ டைம் ஸ்டெப் × வோல்டேஜ் மாற்றம், கழித்தல் முந்தைய கரண்ட். ஒரு ஸ்டெப்பில் வோல்டேஜ் 0விலிருந்து 326.6 கிலோவோல்டுக்குத் தாவினால் 0.03 × 3,26,600, அதாவது 9.8 கிலோ ஆம்பியர். அடுத்த ஸ்டெப்பில் வோல்டேஜ் மாற்றம் கிட்டத்தட்ட இல்லை, ஆகவே −9.8. அதற்கடுத்தது +9.8. இழப்பு எதுவும் இல்லாததால் நிற்கவே நிற்காது. டைம் ஸ்டெப்பைப் பாதியாக்கிப் பாருங்கள், வீச்சு இரண்டு மடங்காகும். ஸ்டெப்புக்கு ஸ்டெப் குறி மாறி, வீச்சு டைம் ஸ்டெப்புக்கு எதிர்விகிதத்தில் இருந்தால் அது எண்கணித ஆட்டமேயன்றி மின்சாரம் அல்ல.

தீர்வு: மூடிய கணத்தில் இரண்டு அரை ஸ்டெப்புகளை பேக்வர்ட் ஆய்லர் முறையில் எடுத்துவிட்டு மறுபடி டிராபிசாய்டலுக்குத் திரும்புவது. கிரிட்டிக்கல் டேம்பிங் அட்ஜஸ்ட்மென்ட் என்பது இதுதான். பல புரோகிராம்களில் ஒரு டிக் போட்டால் போதும். அந்த வசதி இல்லையென்றால் கெப்பாசிட்டரோடு சீரிஸில் 0.15 × டைம் ஸ்டெப் ÷ (2 × கெப்பாசிட்டன்ஸ்) அளவு ரெசிஸ்டர். உங்களுக்கு 5 ஓம். ஆட்டம் ஒவ்வொரு ஸ்டெப்பிலும் 0.74 மடங்காகச் சுருங்கி, 10 ஸ்டெப்பில் 5 சதவீதத்துக்கு இறங்கிவிடும். டைம் ஸ்டெப்பை மாற்றினால் ரெசிஸ்டரையும் மாற்ற மறக்காதீர்கள்.

இனி பெர்ஜரான். குழாயில் தண்ணீர் அறையும் அழுத்த அலைக்கு வரைபட முறையாக இருந்ததை டொம்மெல் 1969இல் மின்வலைக்கான கணினி வடிவமாக்கி வெளியிட்டார். லைனின் இரு முனைகளும் ஒன்றையொன்று நேரடியாகப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு முனையும் ஒரு ரெசிஸ்டர், ஒரு கரண்ட் சோர்ஸ், அவ்வளவுதான். இழப்பில்லாத வடிவம்:

அ முனை கரண்ட் = அ முனை வோல்டேஜ் ÷ சர்ஜ் இம்பீடன்ஸ் + அ முனை வரலாறு

அ முனை வரலாறு = −(ஆ முனை வோல்டேஜ் ÷ சர்ஜ் இம்பீடன்ஸ் + ஆ முனை கரண்ட்); இந்த வோல்டேஜ், கரண்ட் இரண்டும் ஒரு பயண நேரத்துக்கு முந்தையவை

ஆ முனைக்கும் இதையே திருப்பிப் போட வேண்டும். சர்ஜ் இம்பீடன்ஸ் (லைனில் ஓடும் அலையின் வோல்டேஜுக்கும் கரண்டுக்கும் உள்ள விகிதம்) உங்களுக்கு 288.7 ஓம். இரு கரண்டுகளும் லைனுக்கு உள்ளே நுழையும் திசையில்தான் பாசிட்டிவ். உங்கள் அலை வராததற்குக் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். வரலாற்றில் கரண்டின் குறியை மாற்றிப் போட்டால், முதல் பயண நேரத்தில் அனுப்புமுனையில் வோல்டேஜ் ÷ சர்ஜ் இம்பீடன்ஸும் கரண்டும் சமம் என்பதால், கழித்தால் சரியாகப் பூஜ்யம். மறுமுனைக்கு ஒன்றும் போய்ச் சேராது.

ரெசிஸ்டன்ஸைச் சேர்க்க, மொத்தத்தில் கால்பங்கு ஒவ்வொரு முனையிலும், அரைப்பங்கு நடுவிலும். இதற்கு லைனை இரண்டாக வெட்டித் தனி நோட் போட வேண்டியதில்லை. 288.7 + 2.25 என்று 290.95 ஓமை முனை ரெசிஸ்டராக வையுங்கள். (288.7 − 2.25) ÷ (288.7 + 2.25) = 0.9845 என்பதைக் குணகம் என்று கொள்வோம். இரு முனைக்கும் தனித்தனியாக, ஒரு பயண நேரத்துக்கு முந்தைய வோல்டேஜ் ÷ 290.95 + குணகம் × கரண்ட் என்ற தொகையைக் கணக்கிடுங்கள். வரலாறு என்பது எதிர்முனைத் தொகையில் (1 + குணகம்) ÷ 2 பங்கு, தன் முனைத் தொகையில் (1 − குணகம்) ÷ 2 பங்கு, இரண்டையும் கூட்டி மைனஸ். கால்பங்கு ரெசிஸ்டன்ஸ் சர்ஜ் இம்பீடன்ஸைவிட மிகச் சிறியதாக இருக்கும்வரை இது செல்லும்.

சோதனையாக ஐடியல் சோர்ஸிலிருந்து 1 வோல்ட் டிசி ஸ்டெப், மறுமுனையில் 288.7 ஓம், இழப்பு 0 என்று வையுங்கள். சோர்ஸ் கரண்ட் 3.46 மில்லி ஆம்பியரில் கடைசிவரை அசையக் கூடாது. மறுமுனை ஒரு பயண நேரம் கழித்து ஒரே தாவலில் 1 வோல்டுக்கு வந்து அங்கேயே நிற்க வேண்டும். இரண்டு பயண நேரம் கழித்து சோர்ஸ் கரண்டில் சிறு படி தெரிந்தால் சர்ஜ் இம்பீடன்ஸ் எங்கோ தவறு. தாவல் சரியாக ஒரு ஸ்டெப் முன்னோ பின்னோ வந்தால் வரலாற்று பஃபரின் இண்டெக்ஸ் தவறு.

நேரம் தள்ளிப்போவது: 1,039.2ஐ 50ஆல் வகுத்தால் 20.78. உங்கள் புரோகிராம் இதை 21 ஆக்கி 1,050 என்று எடுத்துக்கொள்கிறது. ஒரு பயணத்துக்கு 10.8 மைக்ரோ செகண்ட் தாமதம். 10 பயணத்தில் 108. தூரமாகப் பார்த்தால் ஒரு பயணத்துக்கு 3 கிமீ. ரிலே, ஃபால்ட் லொகேட்டர் வேலை செய்பவர்களுக்கு இது விளையாட்டல்ல. முழு எண்ணாக்காமல் இண்டர்போலேட் செய்யும் புரோகிராம் என்றால் நேரம் சரியாக வரும், பதிலுக்கு வேறொன்றை இழப்பீர்கள். லீனியர் இண்டர்போலேஷன் ஒரு ஃபில்டர். இரண்டு ஸ்டெப்புக்கு நட்டநடுவில் விழுந்தால் 50 மைக்ரோ செகண்ட் ஸ்டெப்பில் 2 கிலோ ஹெர்ட்ஸ் ஒவ்வொரு பயணத்திலும் 5 சதவீதம் தேயும், 5 கிலோ ஹெர்ட்ஸ் 29 சதவீதம் தேயும். லைனின் இழப்பு என்று நினைத்து அறிக்கையில் எழுதிவிடுவார்கள், உண்மையில் அது டைம் ஸ்டெப்பின் இழப்பு.

ஆகவே டைம் ஸ்டெப், வலையில் இருக்கும் மிகச் சிறிய பயண நேரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம். ஸ்விட்சிங் ஆய்வுக்கு 5 முதல் 10 மைக்ரோ செகண்ட் பொதுவாகப் போதும். முடிவில் பாதி ஸ்டெப்பில் ஒருமுறை ஓட்டி, உச்சம் ஒரு சதவீதத்துக்குள் ஒத்துவருகிறதா என்று பாருங்கள்.

---

படிநிலை எழுதியது:

இருவருக்கும் நன்றி. குறிதான் தவறு. திருத்தியதும் அலை வருகிறது, 288.7 ஓம் சோதனையும் தேறிவிட்டது. 12 செக்‌ஷன் உச்சத்தின் நேரத்தை அளந்தேன், 1,290 என்றே இருக்கிறது.

இப்போது அடுத்த கட்டம். லைனின் மறுமுனையில் 4 கிமீ நிலத்தடி கேபிள் இருக்கிறது, சர்ஜ் இம்பீடன்ஸ் 40 ஓம், அலைவேகம் செகண்டுக்கு 1,75,000 கிமீ. அதற்காக மொத்த வலைக்கும் 2 மைக்ரோ செகண்ட் ஸ்டெப் வைக்க வேண்டுமா? மூன்று ஃபேஸில் புள்ளியியல் ஓட்டம் வேறு இருக்கிறது. இன்னொன்று, மூன்று ஃபேஸ் பெர்ஜரானுக்கு ஜீரோ சீக்வென்ஸ் அளவுகளை எந்த அதிர்வெண்ணில் எடுப்பது?

---

கேபிள்முனை எழுதியது:

கேபிள் பயண நேரம் 22.9 மைக்ரோ செகண்ட். 50 மைக்ரோ செகண்ட் ஸ்டெப்பில் பெர்ஜரான் ஓடாது. பயண நேரம் ஒரு ஸ்டெப்பைவிடக் குறைந்தால் இரு முனையும் பிரியாது, புரோகிராம் பிழை காட்டும் அல்லது சொல்லாமல் கொள்ளாமல் பையாக மாற்றிவிடும். பிந்தையதுதான் ஆபத்து, லாக் ஃபைலைப் படியுங்கள். 10இல் ஓடும், ஆனால் 2.3 ஸ்டெப்புதான்.

உங்கள் கேள்விக்கு இந்தக் கேபிளை ஒரே ஒரு பையாகப் போட்டால் போதும் என்பது என் கருத்து. எதிரலை சொன்ன கணக்கையே போடுங்கள்: 1,75,000 ÷ (8 × 4), 5.5 கிலோ ஹெர்ட்ஸ் வரை செல்லும். ஒரு அலை உள்ளே நுழைவதைப் பார்த்தால் இன்னும் தெளிவு. 288.7 ஓமிலிருந்து 40 ஓமுக்குள் போகும் பங்கு 80 ÷ 328.7, அதாவது 0.243. திறந்த முனையில் இரட்டித்து 0.487. திரும்பி வந்து சந்திப்பில் 0.757 மடங்காக மீண்டும் உள்ளே. இப்படி 45.7 மைக்ரோ செகண்டுக்கு ஒரு படியாக 0.487, 0.855, 1.13, 1.34 என்று ஏறி 2இல் போய் நிற்கும். படிகளின் மேல் ஒரு வளைவு வரைந்தால் அதன் டைம் கான்ஸ்டன்ட் 164 மைக்ரோ செகண்ட். இப்போது கேபிளை வெறும் கெப்பாசிட்டராக நினையுங்கள்: கிமீக்கு 0.143 மைக்ரோ ஃபாரட், மொத்தம் 0.571. அதை 288.7 ஓமால் பெருக்கினால் 165. இரண்டும் ஒன்றே.

ஆக, கேபிள் முனையில் முதல் 50 மைக்ரோ செகண்டில் என்ன நடக்கிறது என்பது தேவையில்லாதவரை பை போதும். அங்கே டிரான்ஸ்ஃபார்மர் இருந்து அதன் வைண்டிங் மீது விழும் அலைமுகத்தின் செங்குத்துதான் கேள்வி என்றால் போதாது. அப்போது 1 அல்லது 2 மைக்ரோ செகண்ட் ஸ்டெப், கேபிளுக்கு முறையான மாடல், ஷீத்தை (கேபிளின் உலோக உறையை) எங்கெங்கே நிலத்தோடு சேர்த்திருக்கிறார்கள் என்ற விவரம் எல்லாம் வேண்டும். ஷீத்தை விட்டுவிட்டுக் கண்டக்டரை மட்டும் மாடல் செய்தால் வரும் விடை எதற்கும் உதவாது.

பையைச் சேர்க்கும்போது நார்ட்டன் சொன்ன எச்சரிக்கை இங்கேயும் பொருந்தும். கேபிளின் தொடக்கமுனைக் கெப்பாசிட்டரை ஸ்விட்ச் வழியாக ஐடியல் சோர்ஸோடு சேர்த்தால் அதே ஆட்டம் வரும். லைன் பெர்ஜரானாக நடுவில் இருந்தால் வராது, 288.7 ஓம் குறுக்கே இருக்கிறது.

---

மண்தடை எழுதியது:

ஜீரோ சீக்வென்ஸுக்கு எந்த அதிர்வெண் என்று கேட்கிறீர்கள். ஒரே அதிர்வெண்ணில் எடுக்கும் அளவு எதுவானாலும் தவறுதான். கேள்வி, எவ்வளவு தவறு என்பதே.

பாசிட்டிவ் சீக்வென்ஸில் கரண்ட் கண்டக்டர்களுக்குள் போய் வருகிறது, அதிர்வெண் மாறினாலும் அதிகம் மாறாது. ஜீரோ சீக்வென்ஸ் மண் வழியாகத் திரும்புகிறது. மண்ணின் ரெசிஸ்டிவிட்டி 100 ஓம்-மீட்டர் என்றால் 50 ஹெர்ட்ஸில் கரண்ட் இறங்கும் ஸ்கின் டெப்த் 711 மீட்டர், 5 கிலோ ஹெர்ட்ஸில் 71 மீட்டர். பாதை குறுகுவதால் ரெசிஸ்டன்ஸ் ஏறுகிறது, இண்டக்டன்ஸ் இறங்குகிறது. கார்சன் 1926இல் கொடுத்த சூத்திரத்தின் முதல் உறுப்பு, மண்பாதை ரெசிஸ்டன்ஸ் கிமீக்கு பை வர்க்கம் × அதிர்வெண் ÷ 10,000 ஓம். 50 ஹெர்ட்ஸில் 0.049, ஜீரோ சீக்வென்ஸில் அது மூன்று மடங்காகி 0.148. அதிர்வெண் பத்து மடங்கானால் இதுவும் ஏறக்குறைய பத்து மடங்கு. 50 ஹெர்ட்ஸ் அளவை வைத்து ஓட்டினால் ஜீரோ சீக்வென்ஸ் அலைகள் நிஜத்தில் அடங்குவதைவிட மிக மெதுவாக அடங்கும். மூன்று பிரேக்கர் துருவங்களும் ஒரே கணத்தில் மூடாது என்பதால் ஜீரோ சீக்வென்ஸ் எப்போதும் கிளறப்படும், உச்சம் தேவைக்கு மேல் காட்டும்.

சரி, 500 ஹெர்ட்ஸில் எடுப்போம் என்றால் ஜீரோ சீக்வென்ஸ் ரெசிஸ்டன்ஸ் கிமீக்கு 1.5 ஓமை ஒட்டி வரும், 300 கிமீக்கு 450. அதன் கால்பங்கு 112 ஓம், ஜீரோ சீக்வென்ஸ் சர்ஜ் இம்பீடன்ஸோ 600 ஓம் சொச்சம். மிகச் சிறியது என்ற நிபந்தனை அங்கேயே உடைகிறது. லைனை ஐந்தாறு துண்டாக வெட்டினால் ஓரளவு சரியாகும். ஆனால் அப்போது 50 ஹெர்ட்ஸ் ஃபால்ட் கரண்ட் கெட்டுவிடும்.

அதனால் நேரடியாக அதிர்வெண் சார்ந்த மாடலுக்குப் போங்கள். இரண்டு வகை.

ஓவர்ஹெட் லைனுக்கு ஜோஸ் மார்ட்டி மாடல், 1982. லைனை மோடுகளாக (ஒன்றையொன்று பாதிக்காத அலைக்கூறுகளாக) பிரித்து, சர்ஜ் இம்பீடன்ஸையும் பரவல் சார்பையும் ராஷனல் சார்பாக ஃபிட் செய்கிறது. மோடு மாற்றும் அணி மட்டும் ஒரே அதிர்வெண்ணில் கணக்கிட்ட மெய் எண்கள். ஸ்விட்சிங் ஆய்வுக்கு அதை 1 முதல் 5 கிலோ ஹெர்ட்ஸில் எடுப்பது வழக்கம். ஃபிட்டிங்கை 0.1 ஹெர்ட்ஸுக்குக் கீழிருந்து தொடங்கி 7 அல்லது 8 டெக்கேட் கொடுங்கள். தொடக்க அதிர்வெண்ணை 10 ஹெர்ட்ஸ் என்று சோம்பேறித்தனமாக வைத்தால் 50 ஹெர்ட்ஸ் நிலைத்த நிலையும் டிரேப்டு சார்ஜும் (பிரேக்கர் திறந்த பின் லைனில் தங்கும் சார்ஜ்) தவறும்.

கேபிளுக்கும், ஒரே டவரில் பல சர்க்யூட் ஓடும் சமச்சீரற்ற லைனுக்கும் அந்த ஒற்றை அணி போதாது. அங்கே யுனிவர்சல் லைன் மாடல், 1999. ஃபேஸ் டொமைனிலேயே வெக்டர் ஃபிட்டிங்கில் வேலை செய்கிறது. துல்லியம் அதிகம், தொல்லையும் அதிகம். ஃபிட்டில் பாசிவிட்டி மீறல் இருந்தால் லைன் தானே ஆற்றலை உற்பத்தி செய்யத் தொடங்கும். சோர்ஸை அணைத்த பிறகும் வோல்டேஜ் மெல்ல வளர்ந்துகொண்டே போகும். டைம் ஸ்டெப்பைக் குறைத்தாலும் அது நிற்காவிட்டால் ஃபிட்டைச் சந்தேகியுங்கள். ஒன்றுக்கொன்று எதிர்க்குறியில் மிகப் பெரிய ரெசிட்யூக்கள் (ஃபிட் செய்த உறுப்புகளின் குணகங்கள்) ஜோடியாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். போல் எண்ணிக்கையைக் கூட்டுவது தீர்வு மாதிரித் தெரியும், பல நேரம் அதுவே நோய். எண்ணிக்கையைக் குறைத்தோ, பயண நேரம் நெருக்கமாக உள்ள மோடுகளை ஒன்றாகச் சேர்த்தோ மறுபடி ஃபிட் செய்யுங்கள்.

உள்ளீடாக சீக்வென்ஸ் அளவுகள் போதாது. டவரில் கண்டக்டர்களின் உயரம், கிடைத்தூரம், தொய்வு, பண்டில் இடைவெளி, எர்த் வயர், கண்டக்டரின் டிசி ரெசிஸ்டன்ஸ், மண் ரெசிஸ்டிவிட்டி எல்லாம் வேண்டும். உயரம் என்பது டவரில் உள்ள உயரமா, நடு ஸ்பான் உயரமா என்று புரோகிராம் எதைக் கேட்கிறது என்பதைக் கவனியுங்கள். சராசரி உயரம் என்றால் டவர் உயரம் கழித்தல் தொய்வில் மூன்றில் இரண்டு பங்கு.

---

நார்ட்டன் எழுதியது:

மண்தடையோடு ஒரு சின்ன மாறுபாடு. உச்ச வோல்டேஜ் இன்சுலேஷன் அளவுக்குள் வருகிறதா என்று முதல் வடிகட்டலுக்குப் பார்ப்பவருக்கு 50 ஹெர்ட்ஸ் பெர்ஜரான் போதும். அது கூடுதலாகத்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. அதிலேயே தேறிவிட்டால் டவர் வரைபடம் தேடி அலைய வேண்டியதில்லை. தேறாவிட்டால்தான் அடுத்தது. அரெஸ்டர் (மிகை வோல்டேஜை மண்ணுக்கு இறக்கும் கருவி) விழுங்கும் ஆற்றலைக் கணக்கிடுபவருக்கு இந்தச் சலுகை கிடையாது.

ஆனால் படிநிலை, ஐடியல் சோர்ஸை இப்போதே கழற்றிவிடுங்கள். அது நீங்கள் எழுதிய புரோகிராமைச் சோதிக்க மட்டும். 10 ஜிவிஏ ஃபால்ட் லெவல் என்றால் 16 ஓம், 51 மில்லி ஹென்றி. அதை 288.7ஆல் வகுத்தால் 176 மைக்ரோ செகண்ட். உங்கள் செங்குத்து அலைமுகம் அந்த டைம் கான்ஸ்டன்டில் சாய்ந்துவிடும். அதற்காக உச்சம் குறையும் என்று எண்ண வேண்டாம். திரும்பி வரும் அலைக்கு இண்டக்டர் முதலில் திறந்த முனையாகத் தெரிவதால் பாசிட்டிவாகவே எதிரொலிக்கும், மறுமுனை 2ஐத் தாண்டலாம். நிலைத்த நிலையும் 1.056இலிருந்து 1.076க்கு ஏறும்; இது வந்தால் சோர்ஸ் சரியாக இணைந்திருக்கிறது என்று பொருள். அதே பஸ்ஸில் வேறு லைன்கள் இருந்தால் அவற்றை அந்த 51 மில்லி ஹென்றிக்குள் அடைக்காதீர்கள். ஒவ்வொன்றும் அலைக்கு ஒரு சர்ஜ் இம்பீடன்ஸ். தனித்தனி லைனாகப் போடுங்கள். அவற்றின் மறுமுனையிலிருந்து எதிரொலி நீங்கள் பார்க்கும் நேரத்துக்குள் திரும்பாது என்றால் மட்டும் வெறும் ரெசிஸ்டராக வைக்கலாம்.

---

படிநிலை எழுதியது:

சோர்ஸை மாற்றிவிட்டேன், 1.076 வருகிறது. கடைசியாக ஒன்று: ஆட்டோ ரீக்ளோஸ் கேஸில் (பிரேக்கர் திறந்து, தானே மறுபடி மூடுவது) லைனில் மிச்சமிருக்கும் சார்ஜை எப்படி வைப்பது? தொடக்க நிலையாக −1 பெர் யூனிட் கொடுத்துவிடலாமா?

---

மண்தடை எழுதியது:

பெர்ஜரானில் கொடுக்கலாம். ஆனால் முனை வோல்டேஜை மட்டும் −1 ஆக்கினால் போதாது. வரலாற்று பஃபர் முழுவதையும் −1 வோல்டேஜ், 0 கரண்ட் என்று நிரப்ப வேண்டும். விட்டுவிட்டால் லைனின் உட்பகுதி பூஜ்யம் என்று பொருளாகி, மூடுவதற்கு முன்பே இரு முனையிலிருந்தும் போலி அலைகள் கிளம்பும். மூடாமல் 5 மில்லி செகண்ட் ஓட்டிப் பாருங்கள், வோல்டேஜ் கோடு ஆடாமல் நேராக இருக்க வேண்டும். இழப்பில்லாத ஒற்றை ஃபேஸ், ஐடியல் சோர்ஸ் என்றால் விடை தெரிந்ததே: +1இல் மூடினால் 2 உயரமுள்ள அலை போகும், இரட்டித்து 4, −1இலிருந்து +3.

அதிர்வெண் சார்ந்த மாடலில் கைவைக்க வேண்டாம். நிலைத்த நிலையில் தொடங்கி, பிரேக்கரைத் திறந்து, ஒவ்வொரு ஃபேஸும் தன் கரண்ட் ஜீரோவில் அறுபட விட்டு, சார்ஜ் தானே தங்கட்டும். மூன்று ஃபேஸிலும் ஒரே அளவு தங்காது, கடைசியாக அறுபடும் ஃபேஸ்கள் மற்றவற்றின் மேல் கப்ளிங்கால் ஏற்றிவிடும். அந்த வித்தியாசம் −1, +1, −1 என்று கையால் எழுதினால் கிடைக்காது.

ஷண்ட் கண்டக்டன்ஸைப் பாருங்கள். கிமீக்கு 10 நானோ சீமன்ஸ் என்றிருந்தால் 12 நானோ ஃபாரடோடு டைம் கான்ஸ்டன்ட் 1.2 செகண்ட். அரை செகண்டில் ரீக்ளோஸ் செய்தால் மூன்றில் ஒரு பங்கு சார்ஜ் சத்தமில்லாமல் ஒழுகியிருக்கும். வறண்ட நிலையைப் பார்க்க வேண்டுமானால் அதை நூறு மடங்கு குறையுங்கள். லைன் பக்கம் இண்டக்டிவ் வோல்டேஜ் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் அது கோர் சாச்சுரேட் ஆகி வேகமாக வடித்துவிடும், அதை மாடலில் சேருங்கள். கெப்பாசிடிவ் வகை என்றால் வடிக்காது. லைனில் ஷண்ட் ரியாக்டர் இருந்தால் சார்ஜ் டிசியாகவே நிற்காது, 50 ஹெர்ட்ஸுக்குக் கீழான அதிர்வெண்ணில் ஆடும். அப்போது பிரேக்கர் மூடும் கணத்தை சோர்ஸ் வோல்டேஜை வைத்துத் தேர்ந்தெடுத்தால் பயனில்லை, பிரேக்கரின் இரு பக்க வித்தியாசம் எங்கே பெரிதாகிறது என்று பாருங்கள். புள்ளியியல் ஓட்டத்தில் மூடும் நேரத்தை ஒரு 20 மில்லி செகண்ட் சுற்றுக்குள் மட்டும் பரப்பாமல், அந்த இரு அதிர்வெண்களின் வித்தியாசத்தால் எழும் பீட் அலையின் முழு நீளத்துக்கும் பரப்ப வேண்டும்.